ஒரு நோன்பும் விடாத பிள்ளை

போன மாதம் திருகோணமலை லிங்கநகரில் உள்ள என் வீட்டுக்கு ஓர் இளம் பெண் டொக்டர் வந்திருந்தார். நான் ஓய்வுபெறும்வரை இருந்த மனநலப் பிரிவில் இப்போது வேலை செய்பவர். இளம் பெண்களுக்கு மருந்து தொடங்கும்போதே மாதவிடாய் பற்றிக் கேட்க வேண்டும், மருந்தால் அது தவறலாம் என்று முன்கூட்டியே சொல்லவும் வேண்டும் என்று அவர்கள் இப்போது தங்களுக்குள் ஒரு முறை வைத்திருக்கிறார்களாம். தேநீர் குடித்துக்கொண்டே கேட்டார்:

"சேர், உங்கட காலத்தில இதைக் கேக்கிறனீங்களோ?"

"ஓம், கேக்கிறனாங்கள்" என்றேன்.

அது பொய். அவர் அதை நம்பி, புதிதாக வரும் டொக்டர்மாருக்காக என் அனுபவத்தை எழுதித் தரும்படியும் கேட்டுவிட்டுப் போனார். எழுதுவதென்றால் அந்தப் பொய்யைத் திருத்துவதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் படித்தேன். மட்டக்களப்பில் பயிற்சி. கொழும்பில் ஒரு வருடம் மனநல மருத்துவம். பிறகு சொந்த ஊரான திருகோணமலைக்கே வந்து சேர்ந்தேன். கொழும்பில் எழுதிய பரீட்சையில் இந்த விடயமே ஒரு கேள்வியாக வந்தது. நன்றாக எழுதினேன். மனநோய்க்குக் கொடுக்கும் சில குளிசைகள் மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தின் வேலையைக் குறைக்கின்றன. காதில் கேட்கும் குரல்களும் வீண் சந்தேகங்களும் அதனால் அடங்கும். ஆனால் பால் சுரக்க வைக்கும் ஹோர்மோனைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பதும் அதே டோபமின்தான். அந்தப் பிடி தளர்ந்தால், பிள்ளை பெறாத பெண்ணின் உடம்பும் பிள்ளை பெற்றவளின் உடம்பைப் போல நடக்கத் தொடங்கும். மாதவிடாய் தவறும், சிலருக்கு நின்றே போகும், மார்பில் பால் கசியும். எல்லோருக்கும் இது வருவதில்லை. வந்தவர்களுக்கும் மருந்தைக் குறைத்தோ மாற்றியோ சரிசெய்யலாம். இவ்வளவும் எனக்கு வேலைக்கு வந்த முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டு என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்களுக்கு மேலே இருந்த நிபுணரை எல்லோரும் பெரிய டொக்டர் என்றுதான் சொல்வோம். அவரிடம் நான் கற்றவை அதிகம். நோயாளி கதிரையில் உட்காரும்வரை அவர் உட்கார மாட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி, அதன் முகம் கீழே இருக்கக் கவிழ்த்து மேசையில் வைப்பார். நேரம் பார்ப்பது நோயாளியின் கண்ணில் படக் கூடாது என்பதற்காக. பெயரை முழுமையாகச் சொல்லித்தான் கூப்பிடுவார். சத்தம் போடுபவர் வந்தால் தன் குரலை இன்னும் தாழ்த்துவார். அவர் சொல்வதைக் கேட்பதற்காகவே சத்தம் போடுபவர் அடங்கிவிடுவார்.

மருந்து எழுதும்போது மட்டும் அவருக்கு ஒரு கட்டளை இருந்தது. "மூண்டு விசயம் சொல்லுங்கோ. நித்திரை வரும், வாய் காயும், கை கொஞ்சம் நடுங்கும். அதுக்கு மேல சொல்லாதேங்கோ."

ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் உங்கட வயசில ஒரு பெடியனுக்கு எல்லாத்தையும் விளக்கிச் சொன்னனான். ஆம்பிளைத்தனம் குறையலாம் எண்டதையும் சேர்த்து. அவன் அண்டைக்கே குளிசையை நிப்பாட்டிப்போட்டான். கொஞ்ச நாளில பெத்த தாயை வெட்டினவன். அந்த மனுசியின்ர காயத்துக்கு இழை போட்டதும் நான்தான்."

அதன் பிறகு நான் கேள்வி கேட்கவில்லை. அந்தக் கட்டளை எனக்கு வசதியாகவும் இருந்தது. குமர்ப்பிள்ளையிடம் மாதவிடாய் பற்றிப் பேசுவதற்கு எனக்கு வாய் வராது. வெட்கம் என்று ஒத்துக்கொள்ளாமல், பெரிய டொக்டர் சொன்ன முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கந்தளாயில் ஓர் ஆசிரியை, அவராகவே, குரலைத் தாழ்த்தி, "டொக்டர், எனக்கு மாதம் மாதம் வாறது நிண்டுபோச்சு. குளிசையாலயோ?" என்று கேட்டார். "மனம் குழம்பினாலும் நிக்கும்" என்று பதில் சொன்னேன். அது உண்மைதான். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அதுவல்ல. அவர் தலையாட்டிவிட்டுப் போனார், பிறகு வரவில்லை. என்ன ஆனார் என்று நான் தேடவும் இல்லை.

கிழமைக்கு ஒருநாள் சீனக்குடா வழியாகப் போய், பாலத்தைக் கடந்து, கிண்ணியாவில் கிளினிக் நடத்துவோம். ஓர் அறை, ஒரு மேசை, சுற்றும்போது கடகடக்கும் ஒரு மின்விசிறி. மேசையோடு ஒட்டி ஒரு கதிரை, அதற்குப் பின்னால் சுவரோரமாக இன்னொரு கதிரை. பெண்பிள்ளை நோயாளி என்றால் தகப்பனோ தமையனோ மேசைக் கதிரையில் இருப்பார். பிள்ளை பின்னால் இருக்கும். நான் தகப்பனிடம் கேட்பேன், தகப்பன் பதில் சொல்வார், பிள்ளை தலையாட்டும். தாய் வெளியே வாங்கில் காத்திருப்பாள். இந்த ஒழுங்கை யாரும் போடவில்லை. அது தானாக அப்படி அமைந்தது, நானும் மாற்ற நினைக்கவில்லை. நிறையும் பிறசரும் பார்க்க, மிஸ் என்று நாங்கள் கூப்பிடும் ஒரு தாதியும் எங்களோடு வருவார். பிள்ளை சுகமாக இருந்தால், அடுத்தடுத்த முறை தகப்பன் மட்டும் வந்து குளிசையை வாங்கிப் போவதும் வழக்கம்.

அங்கேதான் அந்தப் பிள்ளையைக் கண்டேன். றிஸ்வானா என்று வைத்துக்கொள்வோம். பெயரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவள். பக்கத்து வீட்டில் தையல் மெசின் ஓடும்போதெல்லாம் அதில் தன் பெயர் கேட்கிறது என்றாள். நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்வாள். தகப்பன் ஊரில் ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். பெரிய சிரிப்புக்காரர். ஊர் வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில், 'நானா' என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அன்று அந்தச் சிரிப்பு இருக்கவில்லை.

டோபமினைக் குறைக்கும் குளிசைகளில் ஒன்றான ரிஸ்பெரிடோனைத் தொடங்கினேன். மூன்று விடயம் சொன்னேன்.

மருந்து நன்றாக வேலை செய்தது. தையல் மெசின் வெறும் மெசினாயிற்று. றிஸ்வானா அயலிலுள்ள சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். தகப்பனின் சிரிப்பும் திரும்பி வந்தது. பிறகு கல்யாணம் பேசி முடிவாகியிருக்கிறது என்றார். "மாப்பிள வீட்டுக்கு நோயப் பத்தித் தெரியாது டொக்டர். தலையிடிக் குளிசை எண்டு சொல்லியிரிக்கம்" என்று மெதுவாகச் சொன்னார். அதில் தலையிட எனக்கு உரிமையில்லை என்று விட்டுவிட்டேன்.

நோன்புப் பெருநாள் முடிந்து வந்த கிளினிக்கில் அவர் ஒரு கிண்ணம் வட்டிலாப்பத்தோடு உள்ளே வந்தார். கதிரையில் உட்காரவே இல்லை.

"டொக்டர், இதக் கேளுங்க. இந்த முறை என்ட மகள் ஒரு நோம்பும் விடல்ல. ஒரு நோம்பும்! கடைக்கு வாற எல்லாருக்கும் சொன்னன். படுக்கையில கிடந்த புள்ளையா இது எண்டு கேக்கிறாங்க."

"அப்ப நல்ல சுகம்தானே நானா. குளிசை?"

"விடிய முன்ன சஹர் சாப்பாட்டோட குடிக்கிறா. நான் எழுப்பத் தேவயில்ல, அவதான் என்ன எழுப்புறா."

நான் பின்கதிரையைப் பார்த்து, "கெட்டிக்காரப் பிள்ளை" என்றேன். அவள் முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"டொக்டர்..."

"என்ன மகள், என்னெண்டு செல்லுங்க" என்றார் தகப்பன்.

அவள் தகப்பனைப் பார்த்தாள். "ஒண்டுமில்ல வாப்பா."

நான் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். போகும்போது தகப்பன் வட்டிலாப்பத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மிஸ்ஸும் நானும் டிரைவரும் பகிர்ந்து சாப்பிட்டோம்.

மாதவிடாய் நாட்களில் முஸ்லிம் பெண்கள் நோன்பு பிடிப்பதில்லை, தொழுவதில்லை. விட்ட நோன்புகளைப் பிறகு வேறு நாட்களில் பிடித்து ஈடுசெய்வார்கள். இது எனக்குத் தெரியாத விடயமல்ல. இந்த ஊரில் பிறந்தவன் நான். நோன்பு காலத்தில், "எனக்கு இண்டைக்கு நோம்பில்ல டொக்டர்" என்று எங்கள் பெண் ஊழியர்கள் ஒதுங்கி நின்று தேநீர் குடித்ததை எத்தனையோ தடவை கண்டவன். ஓர் இளம் பெண் மாதம் முழுவதும் ஒரு நோன்பும் விடவில்லை என்றால் அதன் பொருள் என்ன என்பது எந்தப் பெண்ணுக்கும் உடனே விளங்கும். அந்த அறையில் நாங்கள் இரண்டு ஆண்கள் அதைப் பெருமையாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். ஒருவருக்கு அது தோன்றாதது மன்னிக்கக்கூடியது. மற்றவர் அந்தக் கேள்விக்குப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தவர்.

அடுத்த முறை தகப்பன் தனியே வந்தார். "மகளுக்கு வீட்டில வேல" என்றார். சிரிக்கவில்லை. குளிசையைக் கொடுத்து அனுப்பினேன். அதற்கடுத்த முறை யாரும் வரவில்லை. பிறகு ஒருநாள் றிஸ்வானாவை எங்கள் வார்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் வந்தபோது இருந்ததைவிட மோசமாக இருந்தாள். தன் உடுப்பை யாரோ இரவில் வந்து மாற்றிவைக்கிறார்கள் என்று கத்தினாள். குளிசையை அவளாகவே நிறுத்தியிருந்தாள்.

அவள் ஊசி மருந்தில் நித்திரையான பிறகு தாய் என்னிடம் வந்தார். அந்தப் பெண்மணியின் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"டொக்டர், ஒண்டு கேக்கணும். வயித்தில புள்ள இல்லாம நெஞ்சில பால் வருமா?"

"வரும்."

"இந்தக் குளிசையாலயா?"

"ஓம். மாதவிடாயும் நிக்கும்."

அவர் முந்தானையைக் கையில் சுற்றினார்.

"அது ஒங்களுக்கு முதலே தெரியுமா?"

"ஓம்."

"நான் அவளுக்கு அடிச்சன் டொக்டர்" என்றார். "ஆரு எண்டு செல்லு, ஆரு எண்டு செல்லு எண்டு கேட்டு அடிச்சன். குர்ஆனத் தொட்டுச் சத்தியம் பண்ணினா. அதுக்குப் பொறகும் அடிச்சன்."

நடந்ததை அவர் சொல்லிமுடிக்க நேரமெடுத்தது. மகள் மாதக்கணக்கில் ஒருநாளும் தொழுகையை விடாததைத் தாய் நோன்புக்கு முன்பிருந்தே கவனித்திருக்கிறார். நோயின் அசதியால் மாதவிடாய் பிந்துகிறது என்று நினைத்திருக்கிறார். பெருநாளுக்குப் பிறகு சட்டையில் ஈரத்தைக் கண்டிருக்கிறார். மகள் துணியை மடித்து உள்ளே வைத்து மறைத்து வந்திருக்கிறாள். ஊரில் யாருக்கும் தெரியக் கூடாதென்று திருகோணமலை வரை வந்து கர்ப்பம் பரிசோதிக்கும் பட்டி வாங்கிப் பார்த்தார்கள். இல்லை என்றே காட்டியது. தாய் நம்பவில்லை. அதற்குள் மாப்பிள்ளையின் தாய் இவர்கள் வீட்டுக்கு வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஒங்கட மகள் ஒரு நோம்பும் விடல்லயாமே?" தகப்பன் கடையில் பெருமையாகச் சொன்னது ஆண்களின் வாய் வழியே அவர்கள் வீட்டுக் குசினிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கல்யாணப் பேச்சு அத்தோடு நின்றது. இதெல்லாம் குளிசையால்தான் வந்தது என்று அந்த வீட்டில் சரியாகக் கண்டுபிடித்தவள் றிஸ்வானா மட்டும்தான். அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. அதனால் குளிசையை நிறுத்திப் பார்த்தாள்.

நான் மிஸ்ஸிடம் போய், "நீங்கள் அந்தப் பிள்ளையிட்ட ஒருநாளாவது கேட்டனீங்களோ?" என்றேன்.

"இல்லை டொக்டர். அது நீங்கள் கேக்கிற கேள்வியெண்டு நினைச்சன்."

"நீங்கள் பொம்பிளை, நீங்கள் கேட்டிருப்பீங்களெண்டு நான் நினைச்சன்."

"அப்ப ரெண்டு பேரும் நல்லா நினைச்சிருக்கிறம்" என்றார் அவர். அதில் கிண்டல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் அது நியாயமானது.

பெரிய டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டளையைப் பின்பற்றியதால் வந்தது என்ற தொனியில்தான் சொன்னேன். அவர் கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டு, குரலை நன்றாகத் தாழ்த்தினார்.

"சொல்லாதேங்கோ எண்டு சொன்னனான். அது என்ர பிழை. அதுக்கு நான் பதில் சொல்லுறன். ஆனால் கேக்காதேங்கோ எண்டு நான் எப்ப சொன்னனான்?"

அவர் அதற்கு மேல் திட்டவில்லை. கர்ப்பமில்லை என்பதை இரத்தப் பரிசோதனையால் உறுதிசெய்யச் சொன்னார். பால் சுரக்கும் ஹோர்மோனின் அளவைப் பார்க்க இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பச் சொன்னார். அந்த நாட்களில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு இலகுவில் வராத வேறொரு குளிசைக்குத் தானே கடிதம் எழுதினார். அது வரும்வரை பழையதையே குறைந்த அளவில் மீண்டும் கொடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து மூன்று விடயம் என்ற கட்டளையை அவர் வாயால் கேட்கவில்லை.

றிஸ்வானா தெளிந்த பிறகு, மிஸ்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளோடு தனியே பேசினேன். இரத்தப் பரிசோதனை முடிவைச் சொன்னேன். மருந்து என்ன செய்தது என்பதைச் சொன்னேன். எனக்கு அது முதலே தெரியும் என்பதையும் சொன்னேன். கடைசியாக, "மாப்பிள்ளை வீட்டுக்கு நான் வந்து விளக்கிச் சொல்லலாம். ஆனால் இது என்ன நோய்க்கான குளிசை எண்டதையும் சொல்ல வேண்டிவரும். நீங்கள் ஓம் எண்டால்தான் போவன்" என்றேன். அவளை நான் முதன்முதலாக 'நீங்கள்' என்று சொன்னது அன்றுதான்.

அவள் யோசித்தாள். "அவங்களுக்கு ஒண்டும் செல்ல வேணாம்" என்றாள். "வாப்பாக்குச் செல்லுங்க. வாப்பா என்னோட கதைக்கிற இல்ல."

தகப்பனைக் கூப்பிட்டு, கதவை மூடிக்கொண்டு சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நான்தானே டொக்டர் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன்" என்றார். "என்ட வாயாலதானே."

"நானும்தான் கெட்டிக்காரி எண்டு சொன்னனான் நானா. எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும்."

"நீங்க வந்து மாப்பிள வீட்டுல ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"மகள் வேண்டாமெண்டு சொல்லுறா."

"அவ சின்னப் புள்ள, அவவுக்கு என்ன தெரியும்?"

"உங்கட வீட்டில இதைச் சரியாகக் கண்டுபிடிச்சது அவதான்" என்றேன்.

அவர் எழுந்து வார்ட்டுக்குப் போனார். கொஞ்சம் கழித்து நான் அந்தப் பக்கமாகப் போனபோது, மகளின் கட்டிலில் உட்கார்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவர் சுளை சுளையாகக் கொடுக்க, அவள் வாங்கித் தின்றுகொண்டிருந்தாள்.

அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைத்தார்களோ அதையேதான் இன்றும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதைத் திருத்த எந்த மருந்தும் என்னிடம் இருக்கவில்லை.

வீட்டுக்குப் போன பிறகு அவள் கிண்ணியா கிளினிக்குக்கு வந்த அன்று, புதிய குளிசை வந்து சேர்ந்திருந்தது. தகப்பன் வழக்கம்போல மேசைக் கதிரையை இழுத்தார். "வாப்பா, நீங்க வெளிய இரிங்க" என்று சொல்லிவிட்டு அவள் அதில் உட்கார்ந்தாள். அவர் போனார். மிஸ் கதவடியில் நின்றார்.

"இந்தப் புதுக் குளிசை என்ன செய்யும் டொக்டர்? எல்லாத்தையும் செல்லுங்க."

சொன்னேன். கால் ஓரிடத்தில் நிற்காத மாதிரி ஒரு பதற்றம் வரலாம். வந்தால் பயப்படாமல் வந்து சொல்ல வேண்டும். வயிறு பிரட்டலாம். நித்திரை குறையலாம். மாதவிடாய் திரும்பி வரச் சில மாதங்கள் பிடிக்கலாம், முதலில் ஒழுங்கில்லாமல் வரலாம். பழைய குளிசையை ஒரேயடியாக நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மெசின் சத்தத்தில் பெயர் திரும்பக் கேட்டால், ஒருநாளும் தாமதிக்காமல் வர வேண்டும். இந்தக் குளிசை அவளுக்குச் சரிவராமலும் போகலாம். அவள் இடையிடையே கேள்வி கேட்டாள். பால் வருவது எப்போது நிற்கும், நின்றது என்று எப்படித் தெரியும், பிறகு பிள்ளை பெறலாமா என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். என் காது சூடாகித்தான் இருந்தது. ஆனால் சொன்னேன்.

வெளியே வரிசை நீண்டுவிட்டது. எங்களிடம் பல வருடமாக மருந்து எடுக்கும் ஒரு வயதான மீன்பிடிகாரர் யன்னலில் முகத்தை வைத்துச் சத்தம் போட்டார்:

"டொக்டர்! எனக்கெண்டா 'நித்திர வருதா, சாப்பிடுறியா, போ' எண்டு தொரத்துறீங்க. உள்ளுக்க என்ன, கலியாணமா பேசுறீங்க?"

மிஸ் பதறிக்கொண்டு யன்னலடிக்கு ஓடினார். எனக்கு முகம் கறுத்துப்போயிற்று. ஆனால் றிஸ்வானா சிரித்துவிட்டாள். "நானாக்கு அவசரம்போல. அவருக்கே பேசிவிடுங்க டொக்டர்" என்றாள்.

நான் மருந்தை எழுதிக் கொடுத்தேன். அவள் வாங்கி, என் கையெழுத்தை ஒருமுறை வாசிக்கப் பார்த்து, விளங்காமல் மடித்து வைத்துக்கொண்டாள். எழுந்தவள் உடனே போகவில்லை.

"டொக்டர், பழைய குளிசை தாற நேரம் இதெல்லாம் ஏன் செல்லல்ல?"

"சொன்னால் நீங்கள் குடிக்க மாட்டீங்களெண்டு நினைச்சன்."

அவள் கதிரையின் முதுகில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"மெசின் என்ட பேரச் செல்லிக்கொண்டிருந்த நேரம் அது டொக்டர்" என்றாள். "செல்லியிருந்தாலும் குடிச்சிருப்பன்."